கீரைப் பாத்தியைக் கக்கூஸாக்கும் பூனைகள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஸ்ரீரங்கம் பக்கம் தனி வீடு, கொல்லையில் நாலு கீரைப் பாத்தி, ஓரமாகக் கொஞ்சம் மல்லி, புதினா. தெருவில் சுற்றும் மூன்று நாலு பூனைகள் தினமும் பாத்தியைக் கிளறி அசிங்கம் செய்துவிட்டுப் போகின்றன. மிளகாய்த்தூள், அந்துருண்டை, பினாயில் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டம்மா அதுகளுக்குச் சோறு வைக்கிறார், அவரோடு சண்டையாகிப் பேச்சுவார்த்தை இல்லை. மனைவிக்கு ஐந்தாம் மாதம். சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பூனையை விரட்ட வழி கேட்பது போலத் தெரிந்தாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டு. பாத்தி சுத்தமாக இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் தெருவில் பூனையே இல்லாமல் போக வேண்டும் என்ற அவசியம் கிடையாது. நல்லவேளை, ஏனென்றால் அது நடக்கிற காரியமும் இல்லை.

நான் கால்நடை மருத்துவர். டெல்டா மாவட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை, முக்கால்வாசி மாடும் ஆடும்தான், ஆனால் கடைசி பத்து வருஷமாக நாயும் பூனையும் நிறைய வருகின்றன. வீட்டில் எனக்கும் தோட்டம் உண்டு, எனக்கும் இதே தொல்லை இருந்தது. அதனால் படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு எழுந்து ஜன்னல் வழியாகச் சத்தமில்லாமல் பாருங்கள். பூனை மதிலில் இருந்து இறங்கியதும் நேராகப் பாத்திக்கு வராது. இரண்டு இடத்தில் மூக்கை மண்ணில் வைத்து முகரும். முன்னங்காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கும். மண் இறுகியிருந்தால், வேர் தட்டினால், கல் பட்டால் அடுத்த இடத்துக்குப் போய்விடும். பொலபொலவென்று இருக்கிற இடம் கிடைத்தால் இரண்டு கையாலும் மாறி மாறிக் குழி பறித்து, உட்கார்ந்து, எழுந்து முகர்ந்து, மூடி, மறுபடியும் முகர்ந்துவிட்டுத்தான் கிளம்பும். நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு தள்ளுக்குள் இருக்கிறது. பிறந்து நாலு வாரம்கூட ஆகாத குட்டி, தாய் கற்றுக்கொடுக்காமலே மண்ணைப் பறிக்கத் தொடங்கிவிடும். உலர்ந்த, பொடியான, தாவரம் மூடாத மண் அதற்கு வேண்டும். நீங்களோ கொத்தி, கட்டி உடைத்து, எருவும் தேங்காய் நார்க் கழிவும் கலந்து, சலித்த மண் மாதிரி ஒரு பாத்தி தயார் பண்ணி வைத்திருக்கிறீர்கள். தெருவில் அதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? சிமெண்ட் ரோடு, சிமெண்ட் வாசல், டைல்ஸ் போட்ட போர்ட்டிகோ. ஊரில் எங்காவது வீடு கட்ட மணல் கொட்டியிருந்தால் அங்கே போகும், அது தீர்ந்ததும் உங்கள் பாத்திக்கு வரும். கேள்வியில் "போன மாசம் வரைக்கும் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் ஏதாவது மணல் குவியல் காலியானதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது, பாத்தியில் அந்தக் காலுக்கு மண் கிடைக்காமல் பண்ணுவது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இத்தனை வருஷத்தில் ஒழுங்காகச் செய்து தோற்றவர்களை நான் பார்த்ததில்லை. கீரைக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஆபத்தான காலம் விதை தெளித்ததில் இருந்து பதினைந்து இருபது நாள்தான். தண்டுக்கீரையோ சிறுகீரையோ நெருக்கமாக வளர்ந்து மண் தெரியாமல் மூடிவிட்டால் பூனை உள்ளே இறங்க விரும்பாது. அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் வலை போதும். மண்ணிலேயே கோழி வலையைப் படுக்கப் போட்டால் வேலை நடக்கும், ஆனால் தண்டுக்கீரையை வேரோடு பிடுங்கும்போது கண்ணியில் சிக்கிக்கொண்டு எரிச்சல் வரும். அதனால் அரையங்குல பிவிசி பைப்பையோ மூங்கில் பிளாச்சையோ வில்லாக வளைத்துக் குத்தி, மேலே வலையைப் போர்த்தி, நாலு பக்கமும் செங்கல் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் மீன் வலை வேண்டாம், பூனை மட்டுமில்லை, பாம்பும் ஓணானும் மாட்டிக்கொண்டு சாகும். கத்தரி, மிளகாய் மாதிரி தனித்தனியாக நிற்கும் செடிகளுக்குப் படுக்கை வலையே நல்லது, செடி நிற்கும் இடத்தில் மட்டும் வெட்டிவிட்டு மேலே சருகு போட்டு மறைத்துவிடலாம்.

காசு செலவழிக்காமல் என்றால் ஈர்க்குச்சி. பழைய தென்னந்துடைப்பம் ஒன்றைப் பிரித்து, ஒரு ஜாண் நீளத்துக்கு உடைத்து, நாலு விரல் இடைவெளியில் செங்குத்தாக நட்டுவிடுங்கள். என் வீட்டில் மல்லிப் பாத்திக்கு இதுதான். பூனைக்கு உட்காரவும் திரும்பவும் இடமிருக்காது, குத்திக் காயமும் ஆகாது. பார்க்க நாற்றங்கால் மாதிரி வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான். தொட்டிகளுக்கும் குரோ பேக்குகளுக்கும் கொட்டாங்குச்சி, உடைந்த ஓடு, கைப்பிடி அளவு கூழாங்கல் எது கிடைத்தாலும் மேலே பரப்பலாம். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள், மல்லாந்திருந்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வைத்துவிடும், அப்புறம் பூனையை விட்டு டெங்குவைப் பிடித்த கதையாகிவிடும். பொடி ஜல்லி போடாதீர்கள், அதையும் பறித்துவிடும்.

இது பாதிதான். பாத்தியை மட்டும் மூடினால் பூனைக்கு வயிறு நின்றுவிடாது, அது செம்பருத்தி அடிக்கோ மாடித் தொட்டிக்கோ மாறும். அதனால் இன்னொரு இடத்தை நாமே காட்டிவிட வேண்டும். இதைச் சொன்னால் "பூனைக்கு நான் கக்கூஸ் கட்டித் தரணுமா" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். கட்டித்தான் பாருங்களேன். கொல்லையில் மனித நடமாட்டம் குறைந்த மூலை, அவை இறங்கும் மதில் ஓரமாக இருந்தால் நல்லது. மூன்றடிக்கு மூன்றடி, ஒரு அடி ஆழம் தோண்டி, மணலைக் கொட்டி, மேலே சாய்வாக ஒரு தகரம். மழை நனைத்தால் அந்த இடத்தை அது கைவிட்டுவிடும், தகரம் அதற்காக. முதல் இரண்டு மூன்று நாள் பாத்தியில் கிடக்கும் அசிங்கத்தைக் கொத்துக் கரண்டியால் அள்ளி அந்த மணலில் லேசாகப் புதைத்துவிடுங்கள், வாடையைப் பிடித்துக்கொண்டு வரும். அப்புறம் தினமும் அள்ள வேண்டும். அள்ளாமல் விட்டால் ஒரு வாரத்தில் மணல் நாறும், அது மறுபடியும் உங்கள் பாத்தியைத் தேடும். நாலு பூனை என்றால் இரண்டு மூலையில் இரண்டு குழி இருப்பது நல்லது, சில பூனைகள் இன்னொன்று போன இடத்துக்குப் போகாது. அள்ளியதைக் காய்கறிக்குப் போடும் மக்கிய உரக் குழியில் மட்டும் போடாதீர்கள், வீட்டுக் குழியில் ஏறும் சூட்டுக்குப் புழு முட்டைகள் சாகும் என்று நம்ப முடியாது.

நீங்கள் செய்த ஒரு காரியம் பூனையை வருந்தி அழைத்திருக்கிறது. பாத்திக்கு மீன் அமிலம் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மீன் கழிவும் வெல்லமும் ஊறிய அந்தத் தண்ணீர் நமக்கே ஒரு தெருவுக்கு அடிக்கும். எலும்புத் தூளும் அப்படித்தான். இரண்டு மாதம் நிறுத்திவிட்டு வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம் என்று மாறிப் பாருங்கள். கூடவே இன்னொன்று. களை எடுக்கும்போது குப்பைமேனியைப் பிடுங்கி அங்கேயே போடுகிறீர்களா? சித்த மருத்துவக்காரர்கள் அதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சும்மா வைக்கவில்லை. பிடுங்கிய வேரின் வாடைக்குப் பூனை வந்து முகத்தைத் தேய்த்து, உருண்டு, எச்சில் வடித்துக்கொண்டு கிடக்கும். பிடுங்கினால் உடனே வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். எல்லாப் பூனைக்கும் அந்த மயக்கம் வருவதில்லை, ஆனால் வருகிற ஒன்று போதும் பாத்தியை நாசமாக்க.

இனி சந்தேகமான வகைகள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் வாடை பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது, அது சரிதான். ஆனால் நம் வெயிலில் தோல் ஒரு நாளில் காய்ந்துவிடும், இரண்டாம் நாள் எறும்புதான் மிச்சம். காபித் தூள் சக்கையை நான் சொல்வதில்லை, பலன் நிச்சயமில்லை, தின்றுவிட்டால் காஃபீன் பூனைக்கு விஷம். கற்பூரவல்லி வைத்தால் வராது என்று பலரும் சொல்கிறார்கள். வெளிநாட்டில் பூனையை விரட்டும் செடி என்று விற்பதும் அதே இனத்துச் செடிதான், அதனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஆனால் கற்பூரவல்லித் தொட்டிக்குள்ளேயே பூனை போனதை நான் பார்த்திருக்கிறேன். காதுக்குக் கேட்காத சத்தம் போடும் கருவி இங்கிலாந்தில் தோட்டங்களில் வைத்துச் சோதிக்கப்பட்டது, பூனை வருகை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதாவது மீதி வந்துகொண்டுதான் இருந்தது. காசு வீணில்லை, முழுத் தீர்வும் இல்லை. பூனை வந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நம் வீடுகளில் மாடித் தொட்டியில் இருந்து கீழே வரும் தண்ணீருக்கு அந்த வேகம் இருப்பதில்லை, வாங்குவதற்கு முன் ஹோஸைப் பிடித்து எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை அசிங்கம் செய்யாது என்று சொல்லிப் பாத்தி ஓரமே தட்டு வைக்கிறவர்கள் உண்டு. சில வீட்டில் பலித்திருக்கிறது, ஆனால் நாலு பூனை எட்டாவதும் நடந்திருக்கிறது.

நீங்கள் போட்ட மூன்றையும் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பினாயில் வகைகளில் இருக்கும் ஃபீனால் பொருட்களை முறித்து வெளியேற்ற நமக்கு இருக்கும் கல்லீரல் சக்தி பூனைக்கு மிகக் குறைவு. அது பினாயிலைக் குடிக்கவே வேண்டாம், தெளித்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே போதும். அப்படி வந்த ஒரு கர்ப்பிணிப் பூனை, உள்ளங்கால் வெந்து, வாயெல்லாம் எச்சிலாக, நாக்கு நுனி வெளுத்துப் புண்ணாகி, ஒரு துண்டில் சுற்றி என் மேஜையில் கிடந்தது. கொண்டுவந்தவர் தெளித்தவரேதான், சாக வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அந்துருண்டை பூனைக்கு மட்டுமில்லை, வெள்ளை மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைக்கு அது உயிர் ஆபத்து. கீரை வளரும் மண்ணில் அதைப் போட்டு அந்தக் கீரையைக் கர்ப்பிணிக்குச் சமைத்துக் கொடுப்பதை யோசித்துப் பாருங்கள், பூனை பரவாயில்லை என்று தோன்றும். மிளகாய்த்தூள் ஒரு தண்ணீர் விட்டால் கரைந்து போகும். அதுவரைக்கும் பூனை காலை நக்கி, அந்தக் காலாலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

இப்போது உங்களை உண்மையில் தூங்கவிடாத விஷயம். பூனை மலம் வழியாகப் பரவி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிப் படித்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பூனை பொதுவாக அதன் வாழ்நாளில் முதல் முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் மட்டுமே மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும், பெரும்பாலும் எலி தின்னத் தொடங்கும் இளவயதில். ஆகவே எந்த ஒரு நாளிலும் தெருவில் இருக்கும் பெரும்பாலான பூனைகளின் மலத்தில் அது இருக்காது. வெளியே விழுந்தவுடன் அது தொற்றாது, முதிர்வதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் வேண்டும், அன்றன்றைக்கு அள்ளுவது அதனால்தான் அவ்வளவு முக்கியம். ஆனால் ஒருமுறை மண்ணில் கலந்துவிட்டால் ஈர நிழலில் மாதக்கணக்கில், ஒரு வருஷத்துக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். பூனையைத் தடவுவதால் வருவது அபூர்வம். மண் படிந்த கை, பச்சையாகத் தின்னும் காய்கறி, சரியாக வேகாத இறைச்சி, இவைதான் வழி. சமைத்த கீரையில் பயமில்லை, கொதியில் அது செத்துவிடும். பச்சையாக அரைக்கும் மல்லிச் சட்னி, புதினாச் சட்னி, சாலட் இவைதான் கவனம். மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர் அதைக் கொல்லாது, ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுவது மண்ணை நீக்கும். அந்தப் பாத்தி மல்லியைப் பிரசவம் வரை பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று விட்டுவிடுவது இன்னும் சுலபம். தோட்ட வேலையும் மணல் அள்ளுவதும் நீங்கள் செய்யுங்கள், மனைவி செய்தே ஆக வேண்டும் என்றால் கையுறையோடு. ரத்தப் பரிசோதனை வேண்டுமா, முடிவு என்ன சொல்கிறது என்பதெல்லாம் மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டியது, மாட்டு டாக்டர் நான் அதில் வாய் வைக்கக் கூடாது. பூனை தோட்டத்துக்கு வருவதை அடுத்த முறை போகும்போது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உங்கள் கொல்லையில் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள் என்றால் கொக்கிப்புழுவும் உண்டு. நாய், பூனை மலத்தில் இருந்து மணலில் வரும் குட்டிப் புழு தோலுக்குள் நுழைந்து, சிவப்பாகக் கோடு இழுத்த மாதிரி நகரும், அரிப்பு தாங்காது. மருந்துக்குக் கட்டுப்படும், பயப்பட வேண்டாம், ஆனால் பூனைக்கான மணல் குழி பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

சாக்கு யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். சட்டம் ஒரு பக்கம்: 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், பலனே இல்லை. சோறு கிடைக்கிற தெரு காலியாக இருந்தால் அடுத்த தெருப் பூனை வந்து உட்காரும், சில சமயம் சாக்கில் போனதே ஒரு வாரத்தில் மெலிந்து திரும்பி வரும். பெண் பூனையைக் கொண்டுபோய் விட்டால் குட்டிகள் உங்கள் மாடிப்படிக்கு அடியில் பசியில் கத்திக்கொண்டு கிடக்கும். பிடிக்கப் போய்க் கடி வாங்கினால் அது வேறு, பூனைக்கடிக்கும் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எண்ணிக்கை குறைய ஒரே வழி கருத்தடை. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பூனை வருஷம் முழுக்கக் குட்டி போடும், சினைக்காலம் ஒன்பது வாரம், ஐந்தாறு மாதக் குட்டியே சினையாகிவிடும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் தெருப் பூனைகளும் வருகின்றன, மாநகராட்சியிலோ விலங்கு நலக்காரர்களிடமோ கேட்டுப் பாருங்கள், நாய்க்கு இருக்கும் வேகம் பூனைக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆண் பூனைக்குச் செய்தால் இன்னொரு லாபம், வாசல் கதவிலும் பைக் டயரிலும் வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிற அந்த மூத்திர வாடை பத்தில் ஒன்பது பூனைக்கு நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். ஏற்கெனவே பீய்ச்சிய இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அது பூனைக்கு மூத்திர வாடையாகவே தெரியும். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, காயவிட்டால் பெரும்பாலும் போதும்.

இதற்கெல்லாம் அந்தச் சோறு வைக்கிற அம்மா வேண்டும். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, உங்களால் கிட்டவே போக முடியாத பூனை அவர் குரலுக்கு ஓடிவரும், கூண்டில் ஏற்றவும், சோற்றில் குடற்புழு மருந்து கலந்து கொடுக்கவும் அவரால்தான் முடியும். "உங்க பூனை" என்று ஆரம்பிக்காதீர்கள். மணல் குழி வெட்டிய பிறகு, "அக்கா, இப்படி ஒண்ணு பண்ணியிருக்கேன், சோத்துத் தட்டை அந்தப் பக்க மதில் ஓரமா வைக்கிறீங்களா, மீந்ததை ராத்திரி எடுத்துடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பேச்சு சகஜமாகிவிட்டால் இதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்: அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஆண் பூனை மணலில் அடிக்கடி உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து போய் மறுபடியும் உட்கார்ந்தால் அதை மலச்சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். மூத்திரம் அடைத்திருக்கும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனால் பிழைக்கும், இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டால் அநேகமாகப் பிழைக்காது.